ஏழாம் எண்ணின் நாலாவது குழாய்

பதினோரு நாளாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு மருமகள்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, "இனிமே ரெண்டு பேரும் இங்கயேதான் வேலை பாக்கணும்" என்று மாமனார் உத்தரவு போட்டதைப் போன வாரம் பார்த்தீர்கள். உத்தரவு போட்டவர் நிம்மதியாகத் தூங்கினார். உட்கார்ந்தவர்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது.

அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் பரிசோதனைக்கூடம். மாடியில் குடும்பம். பெரிய மருமகள் கெமிஸ்ட். பாட்டிலில் வரும் தண்ணீரைச் சோதித்து, நல்லதா கெட்டதா என்று கையெழுத்துப் போடுவது அவள். சின்ன மருமகள் கம்ப்யூட்டர். கல்யாணமாகி வந்த ஆறாவது மாதமே டேட்டாபேஸ் ஒன்றைக் கட்டி, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரின் ரிப்போர்ட்டும் பிடிஎஃப் ஆகித் தானாகவே மெயிலில் போகும்படி செய்தவள்.

சண்டை என்ன பெரிய சண்டை? இரண்டு ரிப்போர்ட் தாமதமானது. "இந்த டப்பாவ நம்பினா இப்படித்தான்" என்றாள் பெரியவள். "டப்பா ஒன்பதுக்கே ரெடிக்கா. உங்க கையெழுத்துதான் லேட்டு" என்று சின்னவள் சட்டென்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே மஞ்சள் துண்டுச் சீட்டுகள்தான் பேசின. 'பாட்டில் 12 மறுபடி சோதனை.' 'சரி.' 'பேனா எங்கே?' 'தெரியாது.'

இதில் மாமனாரின் தீர்ப்பு வேறு தலைக்கு மேல் தொங்கியது. இன்னும் ஒரே ஒரு ரிப்போர்ட் தப்பாகப் போனாலும் டேட்டாபேஸுக்குப் பூட்டு. பரணில் இருக்கும் டைப்ரைட்டர் கீழே இறங்கும். சின்னவளின் இரண்டு வருட உழைப்பு அதோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. மாமனார் ஸ்பீக்கரில் போட்டார். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"சார், பிஸ்கட் கம்பெனி தண்ணி எப்படியிருந்தா எனக்கென்ன சார்?"

ஆஸ்பத்திரியின் பராமரிப்பு இன்ஜினியர். குரலிலேயே சூடு பறந்தது.

"பிஸ்கட்டா?" என்றார் மாமனார்.

"அஞ்சு மெயில் வந்திருக்கு. அஞ்சுலயும் பிஸ்கட் கம்பெனி ரிப்போர்ட். 'தண்ணீர் உபயோகத்துக்கு ஏற்றது'ன்னு போட்டு, கீழ கையெழுத்தும் இருக்கு. பதினோரு மணிக்குக் கிட்னி வார்டு திறக்கறோம். அஞ்சு குழாய்க்கும் ரிப்போர்ட் இருந்தாத்தான் தண்ணி விடுவாங்க. என் கீழ வேலை பாக்கற பையன் 'ஏற்றது'ங்கற வார்த்தைய மட்டும் பார்த்துட்டு வால்வத் திறக்கப் போயிட்டான். நான் ஓடிப்போய்ப் பிடிச்சேன்!"

சின்னவள் பாதி எழுந்தாள். ஆனால் அவளைவிட வேகமாக எழுந்தவள் பெரியவள். மேஜையில் இருந்த கண்ணாடித் தட்டுகளை ஒருதரம் பார்த்தாள். முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐந்து சாம்பிள்களில் நாலாவது தட்டில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைத்திருந்தது. காலை எட்டே முக்காலுக்கு 'ஏற்றதல்ல' என்று எழுதி, கையெழுத்துப் போட்டது அவள்தான். ஒன்பது மணிக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

"சார், நாலாவது குழாயத் திறக்காதீங்க! தண்ணி கெட்டிருக்கு. நான்தான் சோதனை பண்ணேன், சொல்றேன் கேளுங்க."

மறுமுனையில் கொஞ்சம் சத்தம் அடங்கியது. "மேடம், எனக்குப் புரியுது. ஆனா 'ஏற்றது'ன்னு அஞ்சு மெயில் பதிவாயிருக்கும்போது, வாய்வார்த்தைய வச்சு ஒரு வார்டோட தண்ணிய நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. பெரிய டாக்டர் மேஜைக்குக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் போகணும். போட்டோ புடிச்சு அனுப்பறது எல்லாம் செல்லாது. பத்தே முக்கால் வரைக்கும் நான் வால்வுகிட்டயே நிக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. வரலேன்னா, அடுத்த மாசத்துலேருந்து நாங்க வேற லேப் பாத்துக்கறோம்."

போன் வைக்கப்பட்டது. மாமனார் சின்னவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் பிரிண்ட் எடுத்துட்டு நேர்ல போறேன்" என்றார்.

"எதுல மாமா போவீங்க? உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் வண்டிய எடுத்துட்டு சாம்பிள் எடுக்கப் போயாச்சு. அங்க போக ஒரு மணி நேரம் ஆகும்." சின்னவள் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "எனக்கு அரை மணி நேரம் குடுங்க."

கடிகாரத்தில் பத்து அடித்து ஏழு நிமிடம்.

முதல் வேலையாக டேட்டாபேஸில் நாலாவது குழாயின் பதிவைத் திறந்து, 'அனுப்பு' பொத்தானைக் கையாலேயே அழுத்தினாள். போன மெயிலைத் திறந்து பார்த்தாள். அதிலும் பிஸ்கட் கம்பெனி! தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல வேளை, சோதனைக்காகத் தன் விலாசத்துக்கே அனுப்பியிருந்தாள்.

"மாமா, இந்தக் கம்ப்யூட்டர்ல ஏதாவது எடுத்து வச்சீங்களா? ஃபோல்டர் எதையாவது இடம் மாத்துனீங்களா?"

கேட்க நியாயம் இருந்தது. மாமனாருக்கு ஒழுங்கு என்றால் உயிர். கையில் எப்போதும் லேபிள் அடிக்கும் சின்ன மெஷின் இருக்கும். அலமாரிக்கு லேபிள், அலமாரிக்குள் இருக்கும் டப்பாவுக்கு லேபிள், லேபிள் சுருள் இருக்கும் டப்பாவுக்கு 'லேபிள்' என்று லேபிள். பழகியவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை லேபிள் மாமா என்றுதான் சொல்வார்கள்.

"எதுக்கெடுத்தாலும் நான்தானா?" அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சனிக்கிழமை அந்த டிவி மாதிரி இருக்கறதுக்கு மேல ஒரு லேபிள் ஒட்டினேன். அவ்வளவுதான்."

ஒட்டித்தான் இருந்தார். 'கம்ப்யூட்டர்' என்று.

ஃபோல்டர் இருந்த இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் ரிப்போர்ட் வேறு எங்காவது போய் விழுந்திருக்க வேண்டும். இன்றைக்கு உருவான பிடிஎஃப் எல்லாவற்றையும், எந்த மூலையில் இருந்தாலும், தேடிக் கொண்டுவரச் சொன்னாள். வரிசையாக வந்தன. எண்ணினாள். நாற்பத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தாறு ரிப்போர்ட். ஆஸ்பத்திரியின் ஐந்தும் இல்லை.

ஆனால் முப்பத்தேழாவதாக ஒன்று இருந்தது. ஸ்கேனர் ஃபோல்டரில், காலை ஏழரை மணிக்கு உருவானது. அவசரத்தில் அதையும் தட்டித் திறந்துவிட்டாள்.

'பணி நியமன ஆணை' என்று தலைப்பு. வேறொரு ஊரின் பெரிய பரிசோதனைக்கூடம். தலைமைக் கெமிஸ்ட். பெறுநர் இடத்தில் பெரியவளின் பெயர். சேர வேண்டிய நாள், வரும் திங்கட்கிழமை. சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சின்னவள் சட்டென்று அதை மூடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பெரியவள் தட்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்து இருபது.

ஐந்தும் எங்கேயும் இல்லையென்றால் அவை தொலைந்து போகவில்லை, உருவாகவே இல்லை. உருவாகாவிட்டால் கம்ப்யூட்டர் கத்தியிருக்க வேண்டுமே? ஏன் கத்தவில்லை?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன் வாயை அடைத்தவளே அவள்தான்! மூன்று வாரம் முன்பு ப்ரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாள். தப்பு வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்ததற்குப் போ. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டுத் தப்பைக் கண்டுகொள்ளாமல், புது பிடிஎஃப் உருவாகாத இடத்தில், கையில் கடைசியாக இருந்த பிஸ்கட் கம்பெனி ரிப்போர்ட்டையே ஐந்து தடவை மெயிலில் கோத்து அனுப்பியிருக்கிறது.

அந்த வரியைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி அழுத்தினாள். டங் என்று ஒரு சத்தம். திரையில் ஒரு பெட்டி. 'இந்தப் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.' கீழே முழுப் பாதையும் நீளமாக வந்திருந்தது. வாய்விட்டே படித்தாள்.

"சர்வர்... லேப்... ரிப்போர்ட்... ஆஸ்பத்திரி 7/4. எல்லாம் சரியாத்தானே இருக்கு! அதே ஃபோல்டர்தானே! ஏன் கண்டுபிடிக்க முடியல?"

"அது என்ன ஏழுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு கோடு?"

சின்னவள் நாற்காலியோடு திரும்பினாள். பெரியவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் பின்னால் நின்றாள். பதினோரு நாளில் அவள் வாயிலிருந்து நேராக வந்த முதல் வார்த்தை அது.

"மாமா போட்ட நம்பர்க்கா. கட்டடம் ஏழு, குழாய் நாலு."

"போன மாசம் வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வெறும் ஏழுதானே? மெயின் டேங்க் ஒண்ணுதான் எடுப்போம். இந்தத் தடவைதான் புது வார்டுன்னு அஞ்சு குழாய். அப்போ கோடு போட்ட நம்பர் உன் டப்பாவுக்குள்ள இன்னைக்குத்தான் முதல் தடவையா போயிருக்கு. பாக்கி முப்பத்தாறும் கோடு இல்லாத நம்பர். அது எல்லாம் ஒழுங்காப் போயிருக்கு."

சின்னவளுக்கு மண்டைக்குள் பளிச்சென்றது.

"அக்கா! அந்தக் கோடுதான்க்கா! கம்ப்யூட்டருக்கு அது நம்பர் இல்ல, கதவு! கோட்டுக்கு முன்னாடி இருக்கறது ஃபோல்டர், பின்னாடி இருக்கறது ஃபைல். 'ஆஸ்பத்திரி 7'னு ஒரு ஃபோல்டர் எங்கேன்னு தேடியிருக்கு. அப்படி ஒண்ணு இல்லவே இல்லையே! எங்க கொண்டுபோய் வைக்கும்?"

"சும்மா சொல்லாத. நிரூபிச்சுக் காட்டு" என்றாள் பெரியவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள் ஆயிற்றே.

சின்னவள் 'ஆஸ்பத்திரி 7' என்று ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கினாள். பொத்தானை அழுத்தினாள். டங் சத்தம் வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே சமத்தாக ஒரே ஒரு ஃபைல். அதன் பெயர் வெறும் '4'.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் சண்டையில் இருப்பது ஞாபகம் வந்தது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"மணி பத்தரை. சிரிச்சது போதும்" என்றாள் பெரியவள்.

"நம்பர ஏழு, படுக்கையா ஒரு சின்ன கோடு, நாலுன்னு மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை."

"யாரு நம்பர மாத்தறது?" வாசலில் மாமனார். "முப்பது வருஷமா என் நோட்டுல இப்படித்தான் போடறேன். பாட்டில்ல அதே நம்பர், நோட்டுல அதே நம்பர். உன் கம்ப்யூட்டருக்குப் பிடிக்கலேன்னா நான் மாத்தணுமா?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் குறுக்கிட்டாள். "மாமா சொல்றதுல நியாயம் இருக்கு. பாட்டில்ல ஒரு நம்பர், ரிப்போர்ட்டுல ஒரு நம்பர்னு இருந்தா அது ரிப்போர்ட்டே இல்ல. நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

நேற்றாக இருந்தால் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இன்று ஒரு விநாடி யோசித்தாள்.

"சரி, நம்பர்ல யாரும் கை வைக்க வேணாம். ரிப்போர்ட்டுக்குள்ள 7/4 அப்படியே இருக்கட்டும். ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது மட்டும், அந்தக் கோடு வந்தா எடுத்துட்டு சின்ன கோடு போட்டுக்கோன்னு ப்ரோகிராமுக்குச் சொல்லிடறேன். மாமா நோட்டு மாமாகிட்ட, கம்ப்யூட்டர் கணக்கு கம்ப்யூட்டர்கிட்ட."

மாமனார் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் தலையாட்டினாள்.

விரல்கள் பறந்தன. பெயர் வைக்கும் இடத்தில் ஒரு வரி. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கு முன்னாலும் பழைய ஃபைலைக் கையிலிருந்து இறக்கிவைக்க ஒரு வரி. மெயில் அனுப்புவதற்கு முன்னால், ஃபைல் நிஜமாகவே அந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி. இல்லையென்றால் மெயில் போகக்கூடாது, நன்றாகக் கத்த வேண்டும்.

பத்து முப்பத்தொன்பதுக்கு முதலில் தன் விலாசத்துக்கே ஐந்தையும் அனுப்பினாள். பெரியவள் ஒவ்வொன்றாகத் திறந்து தட்டோடு ஒப்பிட்டாள். "7/1, ஏற்றது. 7/2, ஏற்றது. 7/3, ஏற்றது. 7/4..." சிவப்பு எழுத்தில் 'ஏற்றதல்ல'. "7/5, ஏற்றது. அனுப்புடி!"

அனுப்பினாள்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்று பேரும் டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமனார் லேபிள் மெஷினை வீணாகத் திறந்து திறந்து மூடினார். பத்து நாற்பத்துமூன்றுக்கு அது அடித்தபோது யார் எடுப்பது என்று ஒரு தள்ளுமுள்ளே நடந்துவிட்டது. கடைசியில் ஸ்பீக்கர்தான் ஜெயித்தது.

"வந்துருச்சு மேடம். அஞ்சும் வந்துருச்சு, அஞ்சும் எங்களோடது. பெரிய டாக்டர் பார்த்துட்டாங்க. நாலாவது வால்வ நானே மூடிப் பூட்டுப் போட்டுட்டேன். அந்த லைன்ல இருந்த நாலு படுக்கையயும் தள்ளிப் போட்டாச்சு. இது மட்டும் தெரியாம திறந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. "ரொம்ப நன்றி மேடம்."

சின்னவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பெரியவள் கையுறையோடேயே அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கைதட்டியது மாமனார்தான். தனி ஆளாகக் கைதட்டினார்.

"திங்கட்கிழமை அந்தக் குழாய மறுபடி சோதிக்கணும்" என்று இன்ஜினியர் தொடர்ந்தார். "இதே மேடம்தான் கையெழுத்துப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இருப்பாங்கல்ல?"

"இருக்காம? எங்க பெரியவ எங்க சார் போகப்போறா!" என்றார் மாமனார் பெருமையாக.

சின்னவள் கீபோர்டைக் குனிந்து பார்த்தாள். பெரியவளின் கை தோளிலிருந்து மெல்ல விலகியது.

போனை வைத்ததும் சின்னவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். பூசி மெழுக அவளுக்கு மனசில்லை. "மாமா, தப்பு என்னோடதும்தான். கம்ப்யூட்டர் கத்தாம இருக்கறதுக்கு நான்தான் வாயை அடைச்சு வச்சேன். அது காலையிலயே கத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"எதுக்கு அடைச்ச?" என்றார் மாமனார்.

"அக்கா தட்டுல புள்ளி எண்ணும்போது பக்கத்து ரூம்லேருந்து டங்குன்னு சத்தம் வந்தா எண்ணிக்கை விட்டுப்போகுதுன்னாங்க. அதான்."

பெரியவள் கையுறையைக் கழற்றினாள். "எனக்காகவா பண்ண?" என்றாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள். "சத்தம் போடாதேன்னு சொன்னது நான். சரியா எங்கே தப்புன்னு கண்டுபிடிச்சு, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே சரி பண்ணது இவ. இந்த டேட்டாபேஸப் பூட்டறதா இருந்தா என் மைக்ராஸ்கோப்பையும் சேர்த்துப் பூட்டிடுங்க. பிஸ்கட் கம்பெனிக்கு நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மாமனார் மேஜைக்கு வந்தார். மானிட்டரில் ஒட்டியிருந்த 'கம்ப்யூட்டர்' லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தார். மெஷினில் வெகு நேரம் எழுத்து எழுத்தாகத் தட்டினார். நீளமாக வந்த லேபிளைக் கிழித்து, மானிட்டரின் நெற்றியில் நேராக ஒட்டி, தடவிவிட்டார்.

'இது என் சின்ன மருமகளுடையது. யாரும் தொடக்கூடாது. நான் உட்பட.'

"டைப்ரைட்டர் பரண்லயே இருக்கட்டும். அதை இறக்கவும் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைத்துக்கொண்டு படியேறினார்.

அறையில் இருவர் மட்டும். பெரியவள் தட்டுகளைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"நீ தேடினியே, இன்னைக்கு உருவான பிடிஎஃப் எல்லாம். எல்லாமே வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"எல்லாமேவா?"

சின்னவள் பொய் சொல்லத் தெரியாதவள். தலையை மட்டும் ஆட்டினாள். 'ஏன்க்கா? என் வாய்தானே காரணம்?' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

பெரியவள் துடைத்த தட்டைக் கீழே வைத்தாள். மேஜையிலிருந்த மஞ்சள் சீட்டில் ஏதோ எழுதினாள். அதைக் கீபோர்டின் மேல் குப்புற ஒட்டினாள். விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டாள்.

சின்னவள் சீட்டைத் திருப்பினாள்.

'அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.'

இரண்டு தடவை படித்தாள். பேனாவைத் தேடினாள், கிடைத்தது. அதே சீட்டின் அடியில் எழுதி, மைக்ராஸ்கோப்பின் மேல், நாளைக் காலை பெரியவள் குனிந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டினாள்.

'அவசரமே இல்லை அக்கா. லேட்டாகவே போடுங்கள்.'